சிவப்புத் துணி

தையல் ஆலையின் சாப்பாட்டு அறையில், டிபன் பாக்ஸ்களை ஓரமாக ஒதுக்கிய மேசைமேல் காலர் தைக்கிறவளின் இடது கை நீண்டு கிடக்கிறது. நர்ஸ் அதில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறாள். புஸ் புஸ்ஸென்று ரப்பர் பந்து மூச்சு விடுகிறது. ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி மிதக்கிறது. "பேசாம இருங்கக்கா, பேசினா பிரஷர் ஏத்திக் காட்டும்." போன வருஷமும் இப்படித்தான் உட்கார்ந்தாள்; சூப்பர்வைசர் போட்ட ஒரு சத்தத்தில் பட்டையை உருவிப் போட்டுவிட்டு ஓடினாள். பக்கத்து மெஷினில் பட்டன் தைத்த நாத்தனாரும் கூடவே ஓடினாள். அந்த நாத்தனார் ஒருநாள் தைத்துக்கொண்டிருந்தபடியே சாய்ந்தாள். அவளுக்குப் பிரஷர் இருந்ததே அன்றைக்குத்தான் தெரிந்தது. இதோ, வாசலில் அதே சூப்பர்வைசர். "குத்துக்கல்லு மாதிரி நல்லாத்தானேம்மா இருக்கே, உனக்கெதுக்கு டெஸ்ட்டு? உன்னால மொத்த லைனும் நிக்குது, எந்திரி!"  அவள் இடுப்பில் செருகி வைத்திருந்த சிவப்புத் துணியை வலது கையால் உருவுகிறாள். நன்றாக ஓடுகிற மெஷினையும் மாதாமாதம் நிறுத்தி எண்ணெய் போடும்போது மெக்கானிக் அதன்மேல் தொங்கவிடுகிற துணி அது. அது தொங்கும்வரை எப்பேர்ப்பட்டவரும் அந்த மெஷினில் கை வைக்கக் கூடாது. துணியை ஓர் உதறு உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவர் கண்ணையே பார்க்கிறாள். டெஸ்ட்டுக்குக் காத்து நிற்கும் வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். கிட்டே வந்து அவள் நாற்காலியைப் பிடித்து இழுக்க நீண்ட அவர் கை அந்தரத்தில் நிற்கிறது.