ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு

“நடிப்பு சார்! அத்தனையும் நடிப்பு!”

நோட்டை மேஜைமேல் பொத்தென்று போட்டாள் தையல்காரி. வாரத்துக்கு ஆறு நாள் கம்பெனியில் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவள். ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

பக்கத்தில் தலைகுனிந்தபடி அவள் கணவன். கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து மூன்று வருஷமாகிறது. முறிந்த எலும்பு கூடிவிட்டது, முதுகுவலி மட்டும் போனபாடில்லை. மாத்திரைகள் கைவிட்டதும், வலியோடு வாழ மனசைப் பழக்குவார் என்று இந்த ஆலோசகரிடம் அனுப்பினார்கள். தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும்.

“நீங்களே பாருங்க. திங்கள் ஒன்பது. செவ்வாய் ஒன்பது. சனி வரைக்கும் ஒன்பது. ஞாயிறு ரெண்டு! நான் வீட்ல இருந்தா வலி லீவு போட்டுட்டுப் போயிடுமா?”

ஆலோசகர் நோட்டைப் புரட்டினார்.

“அன்னிக்கு வீடு கூட்டறாரு, துணி அலசறாரு, ஜோக்கடிச்சுச் சிரிக்க வைக்கறாரு. திங்கக்கிழமை நான் வேலைக்குக் கிளம்பினா எந்திரிக்கவே முடியலையாம். உட்கார்ந்து சாப்பிடத்தானே இந்தக் கூத்து?”

காலடியில் துணிப்பை தயாராக இருந்தது.

“நடிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். இப்படியே எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். என்னால முடியல.”

இந்த மனுஷனை நம்பித்தானே மூன்று வருஷம் மாடாய் உழைத்தாள்!

ஆலோசகர் கொத்தனாரிடம் திரும்பினார். “சொல்லிடட்டுமா?”

“வேண்டாம் சார்...”

“மறைச்சா குடும்பமே போயிடும்யா.”

கொத்தனார் முகத்தைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

“நடிப்புதாம்மா,” என்றார் ஆலோசகர்.

“அப்பவே நெனச்சேன்!” பையை எடுத்துக்கொண்டு விருட்டென்று எழுந்தாள்.

“எந்த நாள்னு கேட்டுட்டுப் போங்க. அன்னிக்குச் சக்திக்கு மீறி இழுத்துப் போட்டுச் செய்யற வேலைதான் திங்கக்கிழமை அவரை எந்திரிக்க விடறதில்லை. அப்படிச் செய்யாதீங்க, பொய் எழுதாதீங்கன்னு இவர்கிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?”

“என்ன பொய்?”

“ஞாயித்துக்கிழமையும் ஒன்பதுதாம்மா. ‘அவ நிம்மதியாத் தூங்கறது அந்த ஒரு நாள்தான் சார், ரெண்டுன்னே இருக்கட்டும்’னாரு.”