முதல் எபிசோடு முனிவர்

“மனித குலம் இதுவரை ஒழுங்காகப் பார்க்காத ஒன்றை இன்று நாம் பார்க்கப் போகிறோம். அவையோர் செல்போனை அணைத்துவிடலாம்!”

அவையோர் என்பது பதிப்பகத்திலிருந்து வந்திருந்த பெண் ஒருத்திதான். அவள் பயபக்தியோடு செல்போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

அறிவித்தவர் ஓய்வுபெற்ற கணக்குத் தணிக்கை அதிகாரி. தொலைக்காட்சியில் வந்த பழைய நகைச்சுவைத் தொடர்களின் முதல் எபிசோடை இப்போது ஓடிடி செயலியில் திரும்பத் திரும்பப் பார்த்து, வாரப் பத்திரிகையில் கட்டுரை எழுதுகிறவர். முதல் எபிசோடு மட்டும். இரண்டாவதைப் பற்றி மறந்தும் ஒரு வரி எழுதியதில்லை. அந்த வைராக்கியத்துக்காகவே வாசகர்கள் அவருக்கு ‘முதல் எபிசோடு முனிவர்’ என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். அவரும் பெருந்தன்மையாக மறுக்காமல் விட்டுவிட்டார்.

“யாருகிட்டயும் இல்லாத புத்தகம் ஒண்ணு இந்த மாசத்துக்குள்ள கொண்டு வா. இல்லைன்னா உன் பிரிவை இழுத்து மூடிட்டு, உன்னைப் பார்சல் கட்ட அனுப்பிடுவேன்” என்று முதலாளி அவளிடம் சொல்லியிருந்தார். முனிவரின் கட்டுரைகளைத்தான் அவள் மலைபோல் நம்பியிருந்தாள். ஒப்பந்தம் கைப்பையில் தயாராக இருந்தது. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன், தன்னோடு உட்கார்ந்து ஒரு முதல் எபிசோடு பார்க்கும் தகுதி அவளுக்கு உண்டா என்று சோதிக்க வேண்டும் என்றார் முனிவர்.

திரையில் ஓர் அடுக்குமாடி வீடு. அவள் பள்ளிக்கூட நாட்களில் விழுந்து விழுந்து சிரித்த தொடர்.

“கவனிங்கம்மா. கதவு திறக்குது, அண்ணன் வர்றான். தங்கச்சி என்ன சொல்றா?”

“‘வேலை போன எங்க அண்ணன் வந்தாச்சு’ன்னு சொல்றா சார்.”

“வேலை போனது அண்ணனுக்குத் தெரியும். அப்பா அம்மாவுக்கும் தெரியும். பின்ன யாருக்குச் சொல்றா? நமக்கு! புதுசா வந்திருக்கோமேன்னு நம்மளை உள்ள கூப்பிட்டு, உக்கார வெச்சு, குடும்பத்தை அறிமுகப்படுத்துறா. இந்த மரியாதை முதல் எபிசோடுல மட்டும்தான் கிடைக்கும்.”

அவளுக்குச் சிலிர்த்தது. எத்தனை முறை பார்த்திருக்கிறாள்! இது தோன்றவேயில்லையே.

“சோபாவைப் பாருங்க. நாலு பேரும் ஒரே பக்கமா இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. எதிர்ல யாருமே இல்லை. ஏன்?”

“அங்க கேமரா இருக்கு சார்.”

“அங்க நாம இருக்கோம்மா!”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அந்த அண்ணனா நடிக்கிறவன் ஏன் இப்படிக் கத்துறான் தெரியுமா? அடுத்த வாரம் இந்தத் தொடர் இருக்குமா, தனக்கு வேலை இருக்குமான்னே அவனுக்குத் தெரியாது. அந்தப் பயத்தோட ஒருத்தன் நம்மளைச் சிரிக்க வைக்கிறான். இதைவிட வீரம் உண்டா?”

பார்சல் கட்டும் மேசை அவள் கண்ணில் வந்து போனது. இந்த மனிதர் உண்மையிலேயே பெரிய ஆள்தான்.

உற்சாகத்தில் அவள் உளறிவிட்டாள். “மேல் வீட்டுப் பல் டாக்டரம்மாவும் இந்த அண்ணனும் பின்னாடி ஒரு எபிசோடுல லிஃப்டுக்குள்ள மாட்டிக்குவாங்களே சார், அப்போ...”

“நிறுத்துங்க!”

முனிவரின் கை உயர்ந்தது. உடல் மட்டும் ஏனோ நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. முனிவரின் மனைவி கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

“சொல்லட்டுமேங்க. பாவம், பொண்ணு ஆசையா சொல்ல வருது.”

“கூடாது! விதையைத் தரிசித்தவனுக்கு மரம் எதற்கு?”

“விதையைத் தரிசிச்சே எனக்கு வயசாயிடுச்சு” என்று கரண்டி உள்ளே போனது.

எபிசோடு முடிந்தது. திரையில் ‘அடுத்த எபிசோடு’ என்ற கட்டம் தலைகாட்டுவதற்குள் முனிவர் பாய்ந்து ரிமோட்டை அமுக்கினார். அந்த வயதில் அப்படி ஒரு பாய்ச்சலை அவள் பார்த்ததில்லை.

“அடுத்ததையும் போடலாமே சார்? ஒண்ணே ஒண்ணு.”

முனிவர் கண்களை மூடினார். “முதலாவது, தவம். இரண்டாவதிலிருந்து வியாபாரம்.”

“சார்! இதையே பின்னட்டையில போட்டுடலாம்!”

“தேறிட்டீங்கம்மா. பேனா இருக்கா?”

முனிவர் அவளுடைய பேனாவை வாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். இவ்வளவு பெரிய சிந்தனையாளருக்கு மறதி இருக்கத்தானே செய்யும்!

வாசலுக்கு வந்ததும் முதலாளிக்குப் போன் போட்டாள். “கிடைச்சாச்சு சார்! ஆசைப்பட்டா அடுத்தது பார்க்கலாம், ஆனா பார்க்க மாட்டேன்னு இருக்கிற மனுஷன் சார். தலைப்பு: ‘முதல் எபிசோடு: ஒரு துறவியின் பார்வை’.”

“பிரமாதம்! அட்டையை இப்பவே அச்சுக்கு அனுப்பிடறேன். உன் பிரிவு பிழைச்சுது போ” என்றார் முதலாளி.

வழியனுப்ப வந்த முனிவரின் மனைவியின் கைகளை அவள் நெகிழ்ச்சியோடு பற்றிக்கொண்டாள்.

“ரெண்டாவது எபிசோடு பார்க்கணும்னு சாருக்கு ஒரு தடவைகூடத் தோணினதில்லையாம்மா? எப்பேர்ப்பட்ட மன உறுதி!”

அந்த அம்மாள் ஒரு முறை வீட்டுக்குள் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“தோணாம என்ன கண்ணு? சந்தா கட்டாதவங்களுக்கு முதல் எபிசோடு மட்டும்தான் வரும்.”