இருவருக்கும் ஒரே பதிவு

ஈரோட்டு ஆடிட்டர் மெஹருன்னிசா வருமான வரி பற்றிய வலைப்பதிவு ஒன்றைத் தினமும் படிப்பாள். இப்போதெல்லாம் வலைப்பதிவுகள் வாசகரின் மனசுக்கேற்ப தம்மை மாற்றி எழுதிக்கொள்கின்றன. தான் படித்த பதிவை நம்பித்தான், காதுகேளாதோர் பள்ளி ஒன்றிடம் வரிவிலக்கைப் புதுப்பிக்கத் தேவையில்லை என்று அவள் சொல்லியிருந்தாள்.

"உடனே புதுப்பிக்கணும்னுல்ல போட்டிருக்கு?" என்றார், அதே பதிவைப் படித்த பங்குதாரர் தேவசகாயம்.

இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தலைப்பு மட்டும்தான் ஒன்று.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி பேசுற பதிவு ஒண்ணாவது இருக்கும் சார். தேடுவோம்."

மூன்று நாள் இருவரும் ஒவ்வொரு பதிவாகச் சத்தம் போட்டுப் படித்து ஒப்பிட்டார்கள். முப்பத்தெட்டாவது பதிவு இரண்டு போனிலும் வரிக்கு வரி பொருந்தியது. காரைக்காலிலிருந்து ஒரு பெண் எழுதியது. "போன வாரம் நான் எழுதியது தவறு. விலக்கைப் புதுப்பித்தே ஆக வேண்டும்" என்று தொடங்கி, வரித்துறைச் சுற்றறிக்கையின் எண்ணையும் கொடுத்திருந்தாள். மெஹருன்னிசா அந்தச் சுற்றறிக்கையைத் தேடி எடுத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"தப்பா எழுதினவங்களைப் போய் எப்படி மேடம் நம்புறது?" என்றார் தேவசகாயம்.

அவள் பள்ளியை நடத்தும் கன்னியாஸ்திரீக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், நான் உங்களுக்குத் தப்பா சொல்லிட்டேன். விலக்கைப் புதுப்பிக்கணும், அதுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. பேப்பரெல்லாம் எடுத்து வைங்க, கிளம்பி வர்றேன்."