கொய்யாவைக் கொன்றது யார்?

யுவராஜுக்குக் குஷி தாங்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தாயியின் காட்டுக்கொய்யா மரம் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டே வந்து, இன்று அடிக்கிளை வரை மொட்டையாகிவிட்டது.

பின்னே? அந்தப் பழத்தைத் தின்ற குருவியெல்லாம் எச்சமிட்டு எச்சமிட்டு, அவனுடைய மிளகுத் தோட்டம் முழுக்கக் கொய்யாக் கன்று முளைத்துப் புதர் மண்டிவிட்டது. மிளகுக் கொடியில் பாதி போயே போச்சு. மரத்தை வெட்டச் சொல்லிக் கெஞ்சியும் அத்தாயி மசியவில்லை. அதனால் இருபது நாளாக, விடியற்காலைப் பனிமூட்டத்தில், மரத்தடியில் ஒரு குடம் கொதிக்கும் உப்புத் தண்ணீர். அவ்வளவுதான் வேலை!

அத்தாயி மரத்தைக் கட்டிக்கொண்டு மூன்று நாளாய் அழுதாள். வேரழுகல் என்றார் ஒருவர். தண்டுப்புழு என்றார் இன்னொருவர். கண்ணு பட்டுடுச்சு என்றாள் எதிர்வீட்டுப் பாவாயி.

“இது மனுசன் பண்ணுன வேலைங்க. யோக்கியன்னா கோயில்ல வந்து கற்பூரம் அணைக்கட்டும்!” என்றாள் அத்தாயி, யுவராஜை முறைத்தபடி.

அவன் அசரவில்லை. ஊரே பார்க்க, எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். “மரம் பட்டதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லீங்க. அம்மன் மேல சத்தியம்!”

கை கொப்பளித்தது. தலை தப்பியது.

அத்தாயி விடுவாளா? அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் இருக்கும் தோட்டக்கலை ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டாள். மறுநாளே மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஜீப்பில் ஆபீசர் வந்து இறங்கினார். பட்டையைச் சீவினார். வேரைத் தோண்டினார். மண்ணை டப்பாவில் போட்டுக் கலக்கிப் பார்த்தார்.

“புழு இல்ல, பூஞ்சை இல்ல, வேரும் அழுகல. மண்ணு பூரா உப்பு! யாரோ திட்டம் போட்டுக் கொன்னிருக்காங்க. யாரு அது? முன்னால வாங்க.”

யுவராஜ் முந்திக்கொண்டான். கொப்பளித்த கையை அவசரமாக நீட்டினான். “நானில்லீங்க சார்! சத்தியமே பண்ணிட்டேனுங்க!”

“ஆமாங்க, நாங்கெல்லாம் பாத்தோமுங்க” என்றது கூட்டம்.

ஆபீசர் உச்சுக்கொட்டினார். “அடடா! இது எங்கிருந்தோ வந்து நம்ம காட்டையே முழுங்குற மரமுங்க. இத மொதல்ல ஒழிக்கிறவங்களுக்குப் பரிசு இருக்குது. போன்ல மரம் பட்டுப்போச்சுன்னதுமே இருநூறு மிளகு நாத்த ஜீப்புல ஏத்திட்டு வந்துட்டேன். ஆள் இல்லைன்னா திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான்.”

யுவராஜ் ஜீப்பைப் பார்த்தான். கையைப் பார்த்தான். இப்போது வாயைத் திறந்தால் சாமி கண்ணைக் குத்திவிடும். போதாததற்கு ஊரும் சும்மா விடாது.

மூன்று நாளாய் அழுத கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டே அத்தாயி கையைத் தூக்கினாள்: “நான்தானுங்க சார்!”