பத்து லிட்டர் வாளி

மாடியிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

“தம்பி, நீ சாயங்கால வகுப்புல பிளம்பிங்தானே படிக்கிற? எங்க பாத்ரூம்ல தண்ணி நூல் மாதிரி வருது. வந்து பாரேன்.”

ஒரு வருடமாகக் கீழ்வீட்டில் என் குழாயிலும் அப்படித்தான் வந்தது. “எப்படி வந்தாலும் தண்ணிதானே, அனுசரிச்சுக்கோ” என்று சிரித்தவர் அவர். குளிக்காமல் நான் வேலைக்கு ஓடிய நாட்களுக்குக் கணக்கில்லை.

வாளியும் கைக்கடிகாரமுமாகப் போனேன். பத்து லிட்டர் நிறைய ஆறு நிமிடம் எட்டு விநாடி ஆனது. சரியாகப் பார்த்தேனா என்ற சந்தேகத்தில் இன்னும் இரண்டு முறை அளந்தேன்.

“பைப் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிச்சு அடைச்சிருக்கு சார். சுவரை உடைச்சு மொத்தமா மாத்தணும்.”

“ஐயையோ, போன வருஷம்தானேப்பா டைல்ஸ் போட்டேன்!”

“அனுசரிச்சுக்க முடியும்னா விட்டுடுங்க சார்.”

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து என் வயிறு குளிர்ந்தது.

மறுநாளே இடிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு சம்மட்டி அடியும் காதுக்கு இனித்தது.

அதற்கு அடுத்த நாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். தோளில் துண்டோடு வீட்டுக்காரர் நின்றார். பின்னால் அவர் மனைவி, மாமியார், மூன்று பிள்ளைகள். கையில் ஆளுக்கொரு சோப்புப் பெட்டி.

“வேலை முடிய ஒரு மாசமாகுமாம் தம்பி. உன் குழாய்ல இப்ப கொட்டோ கொட்டுன்னு கொட்டுதாமே! நாங்க ஆறு பேரும் முடிச்சதும் நீ நிதானமா குளி.”

கொட்டுவது உண்மைதான். போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் ஏறி அவர் வீட்டு வால்வை மூன்று சுற்று மூடியதே நான்தான். அன்றிலிருந்து என் வாளி நாற்பது விநாடியில் நிறைகிறது.

இப்போதே போய் வால்வைத் திறந்துவிடலாம். ஆனால் தண்ணீர் போக மேலே பைப்பே இல்லை.