கெட்டுப்போன வாசனை

"திரும்பவும் கெட்டுப்போச்சு" என்று சென்ட் புட்டியை மேஜைமேல் வைத்தாள் மகள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைக்காரரான அப்பாவும் நிமிராமல் புட்டியை வாங்கி மோந்து பார்த்தார். புளிப்பு வாடை. புதிதாகக் கலந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

தனக்குப் பிடித்தவரை அவள் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இவ்வளவுதான். அவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவள் அதை மறக்கவில்லை. வீம்பில் அப்பாவை அப்படியே உரித்து வைத்தவள்.

கடையில் வேலை பார்த்த கெமிஸ்ட் பெண்ணுக்குத்தான் பொறுக்கவில்லை. மற்றவர்களுக்கு விற்கும் அதே சென்டில் முதலாளி கீட்டோன் என்ற வாசனைப் பொருளைச் சேர்ப்பார். மகளுக்கு மட்டும் ஆல்டிஹைடு.

கேட்டே விட்டாள்.

"சார், ஆல்டிஹைடுல ஒரு பக்கம் வெறும் ஹைட்ரஜன்தான். காத்துப் பட்டா ஆக்சிஜன் சுலபமா உள்ளே நுழைஞ்சு அமிலமாக்கிடும், புளிச்சுப்போயிடும். கீட்டோன்ல ரெண்டு பக்கமும் கார்பன். அங்கே ஆக்சிஜனோட பாச்சா அவ்வளவு லேசுல பலிக்காது. வாசனையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். உங்க பொண்ணுக்கும் அதையே போடலாமே?"

"அவளுக்கு இது போதும்."

பெற்ற பெண்மேல் இப்படி ஒரு வஞ்சமா என்று நினைத்தாள் கெமிஸ்ட்.

அடுத்த தடவை மகள் வந்தபோது முதலாளி வேறொருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். கெமிஸ்ட் தானே உள்ளே போய்க் கீட்டோன் சேர்த்துக் கலந்து வந்தாள். இனிமேல் இது கெடாது, கவலைப்படாதீர்கள் என்று காதோடு சொன்னாள்.

மகள் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மாதங்கள் ஓடின. அவள் வரவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே முதலாளி தலையைத் தூக்கினார். யாரையாவது எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்டால், சும்மாதான் என்பார்.

கெமிஸ்டுக்கு அப்போதுதான் உறைத்தது. முதலாளியிடம் தான் செய்ததைச் சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அப்போ, அது கெடவே கெடாதாம்மா?"



மறுவாரம் மகள் வந்தாள். புட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"இதுவும் கெட்டுப்போச்சு."

கெமிஸ்ட் எடுத்து மோந்தாள். கலந்த அன்று இருந்தது போலவே கமகமவென்று இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவளை முதலாளி கையமர்த்தினார்.

புட்டியைத் தன் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ஆமாம்மா, சுத்தமாக் கெட்டுப்போச்சு" என்றார். "உட்காரு. புதுசாக் கலக்க ரொம்ப நேரமாகும்."