வாஷ்பேசின் மூடி

அவன் வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறான். அவள் டார்ச் பிடிக்கிறாள். விவாகரத்து ஆகிவிட்டது. வீட்டை விலைக்குக் கேட்டுச் சாயங்காலம் ஆள் வருகிறது. தண்ணீர் நிற்காத இந்த மூடியை மாற்றச் சொல்லி அவள் வருஷக்கணக்கில் கரடியாய்க் கத்தியது காதில் ஏறவில்லை. தரகர் ஒரு தடவை சொன்னதும் ஸ்பேனரோடு வந்துவிட்டான். "நட்டைக் கழட்டிட்டேன், மூடியத் தூக்கு." தூக்குகிறாள். அதன் அடித்தண்டில் அவளுடைய நீள முடியும் அவனுடைய குட்டை முடியும் சோப்பு அழுக்கில் ஒரே திரியாய் முறுக்கிக்கொண்டு வருகின்றன. "எல்லாம் உன் முடிதான்," என்கிறான், பார்க்காமலே. புது மூடியை இறக்குகிறாள். கீழே அதன் தண்டிலுள்ள துளையில், மூடியை ஏற்றி இறக்கும் கம்பியைக் கோத்து நட்டை முறுக்குகிறான். குழாயைத் திறந்ததும் தண்ணீர் ஒரு சொட்டு இறங்காமல் தளதளவென்று நிற்கிறது. எழுந்தவன் முகமெல்லாம் பெருமை. "பாத்தியா? சுண்டக்கா வேலை!" "ஆமா," என்கிறாள். "இந்த வீட்டுக்கு வர்றவ குடுத்து வச்சவ."